பளபள காரும் பச்சை வயலும்

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயில் பார்க்க வருவார்கள். தலையாட்டி பொம்மை வாங்க வருவார்கள். கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, வாயில் வெற்றிலையோடு ரயில் ஏறுவார்கள். நான் போனது கார் கழுவுகிற வேலை கேட்க!

எனக்கில்லை சார்... என் அத்தை பையனுக்கு.

2025 ஜூன் மாதக் கடைசி. ஆபீஸில் நான் இருந்த நேரமாகப் பார்த்து அத்தை போன் செய்தார். "ஏம்ப்பா, நீ கணக்கு எழுதுற வேலைதானே பாக்குற? இவன் பேங்க்ல மூணு லட்சம் கடன் வாங்கிட்டான்ப்பா. என்னமோ டீட்டெயிலிங்காம். கார் கழுவுறதுக்கு ஒரு வாளியும் துணியும் போதாதா, மூணு லட்சம் எதுக்குடானு கேட்டா, 'உனக்குப் புரியாதும்மா'ங்கிறான். நீ ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

உழவன் எக்ஸ்பிரஸில் விடிகாலை இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் மாப்பிள்ளை பைக்குடன் நின்றிருந்தான். பைக் பளபளவென்று இருந்தது. முகம் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தது.

"வாங்க அத்தான். நேரா ஷெட்டுக்கே போயிடலாமா?"

நாகை ரோட்டில், புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், வயலை ஒட்டித் தகரக் கொட்டகை. பிரஷர் மெஷின், வாக்குவம், பாலீஷ் மெஷின், கலர் கலராகப் பாட்டில்கள். எல்லாம் இருந்தன. கார்தான் இல்லை!

"எடம் நல்ல எடம்தாண்டா?" என்றேன்.

"அதுல கொறையே இல்ல அத்தான். புது வண்டி எடுத்தா இங்கேதான் பூஜைக்கு வருவாங்க. ஆனா பூஜை போட்டதும் வீட்டுக்குப் போயிடுறாங்க. ஞாயித்துக்கிழமை நாலு வண்டி, மத்த நாள் ஒண்ணு ரெண்டு. மாசம் பொறந்தா ஆறாயிரத்து ஐந்நூறு தவணை கட்டணும்."

சின்ன வியாபாரத்துக்குச் சொத்து ஜாமீன் இல்லாமல் கடன் தருகிற முத்ரா திட்டம் 2015-ல் வந்தது. அதில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரைக்கும் 'கிஷோர்' என்று ஒரு பிரிவு. மாப்பிள்ளை வாங்கியது அதில்தான். ஜாமீன் கேட்கவில்லை என்பதால் தவணையையும் கேட்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லையே!

"அதான் அத்தான், இன்னிக்கு ஷோரூம் ஷோரூமா ஏறி எறங்கப் போறேன். ஒரு டீலர் கிடைச்சாப் போதும், லைஃப் செட்டில். நீங்க கூட வாங்க. பேசத் தெரிஞ்ச ஆளு."

ஆபீஸில் சம்பள உயர்வு கேட்கவே எனக்கு வாய் வராது. ஆனால் அத்தை பையன் முன்னால் அதைச் சொல்ல முடியுமா? தலையை ஆட்டினேன், பொம்மை மாதிரி.

தைலக்காப்பும் கோட்டிங்கும்

கிளம்புவதற்கு முன்னால் அம்பாளைக் கும்பிட்டோம். புன்னைநல்லூர் மாரியம்மன் புற்று மண்ணால் ஆனவள். அதனால் மூலவருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மண்டலம் தைலக்காப்பு நடக்கும்.

"பாத்தீங்களா அத்தான்? எல்லாத்துக்கும் வாட்டர் வாஷ் ஒத்துக்காது. எதுக்கு எது ஒத்துக்கும்னு தெரிஞ்சு செய்யறதுதான் டீட்டெயிலிங்" என்றான். கன்னத்தில் போட்டுக்கொண்டேதான் சொன்னான்.

வழியெல்லாம் எனக்குப் பாடம். ஒரு காரின் பெயின்ட் மொத்தமே ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு கனம்தான். அதில் மேலே இருக்கும் கண்ணாடி மாதிரியான 'கிளியர் கோட்' அதிலும் பாதிக்குக் கீழே. பாலீஷ் போடுவது என்றால் அந்த மெல்லிய படலத்தில் இம்மியளவு தேய்த்து எடுப்பது. கை தப்பினால் பெயின்டே போச்சு!

"நம்ம ஊருக்குனு ஒரு தனி எதிரி இருக்கு அத்தான். வைக்கோல் தூசி" என்றான். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி வைக்கோலிலும் உமியிலும் சேர்த்து வைக்கிறது. அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போடுவார்கள். தூசி பறந்து காரில் படியும். டிரைவர் ஒரு காய்ந்த துணியை எடுத்து 'சரக் சரக்'கென்று துடைப்பார். அது துடைப்பதில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது! வெயிலில் நிறுத்தினால் பானெட்டில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரியும்.

"இதுல வேடிக்கை என்னன்னா, செராமிக் கோட்டிங்னு பத்தாயிரம், இருபதாயிரம் வாங்குறாங்களே, அதுலயும் முக்கியமான சரக்கு சிலிக்காதான்" என்று சிரித்தான்.

அடிக்கிறதும் அதே கை, அணைக்கிறதும் அதே கை!

பின்பக்கம் போங்க

ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஷோரூம். பெயர் வேண்டாம், இந்தக் கதைக்கு அது அவசியமில்லை. கண்ணாடிக் கதவருகே செக்யூரிட்டி சல்யூட் அடித்தார்.

"டெலிவரியா சார்? புக்கிங்கா?"

"வேலை விஷயமா மேனேஜரைப் பாக்கணும்."

சல்யூட் அடித்த கை அப்படியே திரும்பிக் கட்டடத்தின் கொல்லைப்புறத்தைக் காட்டியது. "பின்பக்கம் போங்க!"

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஷோரூமைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். ஏ.சி. ஹாலில் ரிப்பன் கட்டி நிற்கிற கார், அதற்கு முந்தின நாள் வரை கொல்லையில் காக்கா எச்சத்தோடு நின்றிருக்கிறது! டிரெய்லரில் வந்து இறங்குகிற வண்டிகள் ஸ்டாக் யார்டில் வெயிலிலும் மழையிலும் காத்திருக்கின்றன. டெலிவரிக்கு முதல் நாள் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து உள்ளே கொண்டுவருகிறார்கள். பெண் பார்க்கிற படலம் மாதிரிதான்.

அந்தக் கொல்லையில் நின்று கவனித்ததில் ஒரு டீலரிடம் ஐந்து வகை வேலை இருப்பது எனக்கே புரிந்தது. ஒன்று, ஸ்டாக் யார்டு வண்டியைப் பராமரிப்பது. இரண்டு, டெலிவரி வாஷ். மூன்று, சர்வீஸுக்கு வருகிற வண்டியைக் கழுவித் தருவது. நான்கு, கஸ்டமர் தலையில் கட்டுகிற கோட்டிங் வகையறா. ஐந்து, எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய வண்டியைப் புதுசாக்குவது. இதில் நான்காவதிலும் ஐந்தாவதிலும்தான் காசு. முதல் மூன்றில் வியர்வைதான் அதிகம்.

ஒர்க்ஸ் மேனேஜர் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். டீ கூட வந்தது.

"கோட்டிங்குக்கு எங்க ஹெட் ஆபீஸ்லயே ஏஜென்ஸி ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க தம்பி. பழைய வண்டி வெளியில போயிடும். டெலிவரி வாஷ் வேணா குடுக்கலாம். மாசம் நூத்தியிருபது வண்டி வரும். வண்டிக்கு நூத்தம்பது. பில் போட்டு தொண்ணூறு நாள்ல செக்."

மாப்பிள்ளையின் முகம் டியூப் லைட் மாதிரி எரிந்தது. நூற்றிருபது வண்டி! 'சரி சார்' என்று வாய் திறப்பதற்குள் அவன் காலை மிதித்தேன்.

"நாளைக்குச் சொல்றோம் சார்."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை பொரிந்து தள்ளினான். "கையில வந்ததைத் தட்டி விட்டுட்டீங்களே அத்தான்! டீலர் பேரைப் போர்டுல போட்டா ஊரே திரும்பிப் பாக்கும்!"

"வாடா, கும்பகோணத்துல காபி சாப்ட்டுக்கிட்டே பேசுவோம்."

டபரா டம்ளர் கணக்கு

மேட்டூர் அணை ஜூன் 12-ம் தேதி திறந்தாகிவிட்டது. அந்தத் தேதி டெல்டாக்காரனுக்கு இன்னொரு பொங்கல். 2024-ல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். குறுவை போட நினைத்தவர்களில் போர் இருந்தவன் பிழைத்தான், இல்லாதவன் வானத்தைப் பார்த்தான். 2025-ல் அந்தக் கஷ்டமில்லை. அய்யம்பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் சேறடித்த வயல், நாற்றங்கால், கொக்கு, டிராக்டர். பாபநாசத்தில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. 3,000 கலம் நெல் கொட்டி வைக்கிற அளவுக்குச் செங்கல்லிலேயே கட்டியது. விளைந்ததை உடனே விற்றுவிடாமல், இல்லாத நாளைக்கு எடுத்து வைக்கத் தெரிந்தவர்கள் இருந்த ஊர். அதை ஏன் சொல்கிறேன் என்பது காபிக் கடையில் புரிந்தது.

கும்பகோணம் டிகிரி காபி. டபராவை நகர்த்திவிட்டு ஒரு துண்டுப் பேப்பரில் கணக்குப் போட்டேன்.

"ஒரு வண்டிக்கு ஆள் கூலி?"

"அறுபது வரும்."

"ஷாம்பூ, துணி?"

"இருபது."

"கரன்ட், தண்ணி?"

"பதினஞ்சு."

"நீயும் ஆளும் போய் வர பெட்ரோல்?"

"வண்டிக்கு இருபத்தஞ்சு விழும்."

"ஆக நூத்தியிருபது. மிச்சம் முப்பது. நூத்தியிருபது வண்டிக்கு மூவாயிரத்து அறுநூறு. உன் தவணை ஆறாயிரத்து ஐந்நூறு. இதுல தொண்ணூறு நாள் கடன் வேற. மாசம் பதினெட்டாயிரம் வீதம் மூணு மாசத்துக்கு ஐம்பத்து நாலாயிரம் அவங்ககிட்டயே தூங்கும். ஆள் கூலியைத் தொண்ணூறு நாள் கழிச்சுக் குடுப்பியா?"

மாப்பிள்ளை பேசவில்லை. டம்ளரில் நுரை அடங்கிப்போயிருந்தது.

வேலை கேட்டு அலைகிற தம்பிமார்களுக்காக, நான் அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். சின்னத் தொழில்காரர்களுக்கென்று 2006-ல் ஒரு சட்டம் இருக்கிறது. 'உத்யம்' பதிவு செய்திருந்தால், வேலை வாங்கினவர் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். பதிவு செய்யக் காசு கிடையாது. 2023-ம் வருஷ நிதிச் சட்டத்தில் இன்னொரு பிடியும் போட்டார்கள். கெடு தாண்டியும் பணம் தராமல் இருந்தால், பணம் தருகிற வரைக்கும் பெரிய கம்பெனி அதைச் செலவாக வருமானவரிக் கணக்கில் காட்ட முடியாது. மார்ச் மாதம் வந்தால் அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் பிரிவே பயப்படும்!

"இதைச் சொன்னா சண்டை போடுற மாதிரி இருக்காதா அத்தான்?"

"சண்டை எதுக்கு? பில்லுல உத்யம் நம்பரைக் கொட்டை எழுத்துல அடிச்சுடு. படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்குவாங்க."

பாதி பானெட்

கும்பகோணத்திலேயே பழைய கார் விற்கிற இடம் ஒன்று. ஓனர் கல்லாவில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தார். "பாலீஷா? நம்ம பையனே மெழுகு போட்டுத் துடைச்சிடுவான். ரெண்டு நாளைக்கு மின்னும். அதுக்குள்ள வித்துடுவேன்" என்றார். நேர்மையான மனுஷர்!

மாப்பிள்ளை இந்தத் தடவை பேசவில்லை. பையைத் திறந்து மெஷினை எடுத்தான். யார்டின் மூலையில் ஒரு கறுப்புக் கார். அதன் பானெட்டில் நட்டநடுவே ஒரு டேப்பை நேர்க்கோடாக ஒட்டினான்.

"ஐயா, பாதி மட்டும் செஞ்சு காட்டுறேன். காசு வேணாம். பிடிக்கலைன்னா போயிடுறோம்."

கழுவினான். களிமண் மாதிரி ஒரு உருண்டையைத் தேய்த்து, ஒட்டியிருந்த துகளையெல்லாம் எடுத்தான். பிறகு மெஷின். நாற்பது நிமிஷம் கழித்து டேப்பை உரித்தபோது நானே அசந்துபோனேன். இடது பக்கம் சாம்பல் பூத்த கறுப்பு. வலது பக்கம் பின்னாலிருந்த தென்னை மரம் ஓலை ஓலையாகத் தெரிந்தது!

ஓனர் வெள்ளரிப் பிஞ்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இப்படிப் பாதியில விட்டுட்டா வண்டிய எவன் வாங்குவான்?"

"மீதியையும் செஞ்சுடலாங்கய்யா. உள்பக்கமும் சேத்து ரெண்டாயிரத்து ஐந்நூறு."

ஓனர் சிரித்துவிட்டார். "கில்லாடிப் பயதான். சரி, வண்டி வித்ததும் தரேன்."

"பாதி இப்ப, பாதி வித்ததும்" என்றான் மாப்பிள்ளை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காபி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது!

மாதம் நாலு வண்டி என்று பேச்சு முடிந்தது. சாமானும் கூலியும் போக வண்டிக்கு ஆயிரத்து இருநூறு நிற்கும். நூற்றிருபது வண்டி கழுவி மூவாயிரத்து அறுநூறு. நாலு வண்டியில் நாலாயிரத்து எண்ணூறு. ஆனந்தமாகத் திருவாரூர் ரோட்டில் திரும்பினோம்.

எடுக்கிறதுதான் பளபளப்பு

வழியில் நாச்சியார்கோயில். குத்துவிளக்குக்குப் பேர் போன ஊர். பட்டறை ஒன்றில் ஒரு பெரியவர் விளக்கின் தண்டைக் கடைசலில் கொடுத்துக் கொண்டிருந்தார். பித்தளைச் சுருள் சுருளாகக் கீழே விழுந்தது. வார்த்து எடுத்தபோது கருப்பாக, சொரசொரவென்று இருந்த தண்டு, கண்ணெதிரே தங்கமாக மாறியது.

"என்னங்கய்யா போட்டா இப்படிப் பளபளப்பு வருது?" என்று கேட்டேன், பெரிய பத்திரிகைக்காரன் மாதிரி.

பெரியவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "போடுறது ஒண்ணும் இல்ல தம்பி. எடுக்கிறதுதான். எவ்வளவு எடுக்கணும்னு தெரிஞ்சா விளக்கு. தெரியலைன்னா தூள்."

மாப்பிள்ளை அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கிளம்பும்போது பெரியவர் ஒரு விளக்கைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அடிப்பாகத்தின் உள்ளேயும் பிசிறில்லாமல் இருந்தது. "வெவரம் தெரிஞ்சவன் இங்கதான் முதல்ல பாப்பான்."

அன்றிலிருந்து மாப்பிள்ளை காரின் கதவைத் திறந்து கீழ்விளிம்பைத் துடைத்த பிறகுதான் மேலே கை வைக்கிறான். ஓசியில் கிடைத்த டிரெய்னிங்!

ஆழித்தேரும் அறுப்பு மெஷினும்

திருவாரூரில் இறங்கியதும் ஆழித்தேர் ஞாபகம். அலங்காரத்தோடு 96 அடி உயரம். டெல்டாவிலேயே பெரிய வண்டி அதுதான்! திருச்சி 'பெல்' நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த வண்டி வேறு. "இதுக்கு டீட்டெயிலிங் கான்ட்ராக்ட் கிடைச்சா எப்படியிருக்கும் அத்தான்?" என்றான். "வருஷத்துக்கு ஒரு வண்டிதான்டா" என்றேன்.

அங்கே ஒரு டிராக்டர் டீலர். "விவசாயி பாலீஷுக்குக் காசு தர மாட்டார் தம்பி. சாயங்காலம் கழுவினா காலையில மறுபடி சேத்துல எறக்கப் போறாரு. ஆனா எக்ஸ்சேஞ்சுல வந்த பழைய டிராக்டர் அஞ்சு நிக்குது. சேறு ஒட்டிக் கிடக்குது. அதைச் சுத்தம் பண்ணிக் குடு" என்றார். கார் ஷோரூமில் பின்பக்கம் போகச் சொன்னார்கள். இங்கே முன்பக்கமே சேறுதான். ஆனால் ரேட்டுக்குப் பேரம் பேசவில்லை. வேலை முடிந்த அன்றே காசு என்றார்.

மன்னார்குடியில் ஹரித்ராநதித் தெப்பக்குளக்கரையில் டீ குடிக்கும்போது இன்னொரு விஷயம் தெரிந்தது. அறுவடைக் காலத்தில் சேலம், ஆத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் அறுப்பு மெஷின்கள் டெல்டாவுக்கு வருகின்றன. பெல்ட் வண்டி, டயர் வண்டி என்று இரண்டு ஜாதி. சீஸன் முடிந்து திரும்பும்போது பெல்ட்டில் சேறு இறுகி, உள்ளே வைக்கோலும் நெல்லும் அடைத்துக் கிடக்கும். நெல் மிச்சமிருந்தால் எலி வரும்; எலி வந்தால் ஒயரைக் கடிக்கும். கழுவாமல் நிறுத்தினால் அடுத்த சீஸனுக்கு மெஷின் கிளம்பாது.

"காருக்கு அழகு, மெஷினுக்கு ஆயுசு. ரெண்டும் ஒரே பிரஷர் மெஷின்தான் அத்தான்" என்றான் மாப்பிள்ளை. வரும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். நின்றிருந்த கார்களையெல்லாம் அவன் பார்த்த பார்வை, டாக்டர் நோயாளிகளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மொத்தம் 150 கிலோமீட்டர் சொச்சம். ஒரு பெரிய டீலரைத் தேடிப் போய் ஒரு பழைய கார் யார்டையும் ஒரு டிராக்டர் கடையையும் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினோம். அத்தை சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "வேலை கிடைச்சுதாப்பா?"

"மூவாயிரத்து அறுநூறு ரூபா வேலையை வேணாம்னுட்டு வந்துட்டோம் அத்தை."

அத்தை என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவதாக இருந்தவர், நிறுத்திவிட்டார்!

ஆடி போய் நவராத்திரி வந்தது

ஜூலை 17 ஆடி பிறந்தது. ஆடியில் புது வண்டி எடுக்கிறவர்கள் குறைவு. ஆகஸ்ட் 15 சுதந்திர தின உரையில் ஜி.எஸ்.டி.யைக் குறைக்கப் போகிறோம் என்று பிரதமர் அறிவித்தார். அவ்வளவுதான், ஆவணியில் வாங்க இருந்தவர்களும் 'குறையட்டும்' என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஷோரூம்களில் ஈ ஓட்டினார்கள். ஸ்டாக் யார்டில் காக்கா ராஜ்ஜியம்.

மாப்பிள்ளையிடமிருந்து வாரம் ஒரு போன் வரும். "இந்த மாசம் தவணை கட்டிட்டேன் அத்தான். கையில இருநூறு ரூபா நிக்குது." ஒரு முறை, "அந்த நூத்தம்பது ரேட்டுக்கு ஒத்துக்கிட்டிருந்தா இப்ப வேலையும் இருந்திருக்காது, பணமும் வந்திருக்காது" என்றான். எனக்கு அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதுவரை, 'நன்றாக இருந்த பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ' என்று உள்ளுக்குள் உதறல்தான்.

செப்டம்பர் 3-ம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. நாலு மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸுமாக இருந்த வரி 18 ஆயிற்று. டிராக்டருக்கு 12-லிருந்து 5. அமலுக்கு வந்தது செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள். பத்தாம் நாள், அக்டோபர் 1, ஆயுத பூஜை! ஆடி முழுக்கவும் ஆவணி முழுக்கவும் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பத்து நாளுக்குள் வண்டி வேண்டும்.

செப்டம்பர் 19 ராத்திரி ஒன்பது மணிக்கு மாப்பிள்ளைக்கு ஒரு போன். அந்த முதல் ஷோரூமின் ஒர்க்ஸ் மேனேஜர்.

"தம்பி, எங்க கான்ட்ராக்ட்காரன் ஆள் இல்லைன்னு கையை விரிச்சுட்டான். பத்து நாள்ல நாற்பது வண்டி எக்ஸ்ட்ரா போகணும். உடனே வாப்பா."

ஜூன் மாத மாப்பிள்ளையாக இருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பான். செப்டம்பர் மாப்பிள்ளை நிதானமாகச் சொன்னானாம்: "வரேங்க சார். ரெண்டு மாசமா வெயில்ல நின்ன வண்டி, வெறும் வாஷ் பத்தாது. எச்சக்கறை எடுக்கணும். வண்டிக்கு முந்நூத்தம்பது. வாரா வாரம் செட்டில்மென்ட். ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க, காலையில ஆறு மணிக்கு நிக்கிறேன்."

பதினைந்து நிமிஷத்தில் மெயில் வந்துவிட்டது!

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜை லீவுக்கு நானும் போனேன். முந்தின நாள் ராத்திரி அந்த யார்டில் நின்றேன். வரிசையாகக் கார்கள். மாப்பிள்ளையும் இரண்டு பையன்களும் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்து முதலில் கீழ்விளிம்பு, அப்புறம் மேலே. ஒரு பையன் வழக்கமான காய்ந்த துணியை எடுக்கப் போனான். "டேய், தண்ணி விடாம தொடாத!" என்று ஒரு சத்தம். நாச்சியார்கோயில் பெரியவரின் குரலே கேட்டது போலிருந்தது.

காலையில் ஒரு டெலிவரி. பக்கத்துக் கிராமத்துக் குடும்பம். வெள்ளை வேட்டி அப்பா, மகன், மருமகள், பாட்டி. வெள்ளைக் கார், கண்ணாடியாக மின்னியது. பாட்டி கிட்டே வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கதவைத் தொடாமலே நின்றார்.

"தொடுங்க பாட்டி. உங்க வண்டிதானே!" என்றான் மாப்பிள்ளை.

"கையில மஞ்சள் இருக்குப்பா. பட்டுடப் போவுது."

அதற்குள் அப்பாக்காரர் சந்தனக் கிண்ணத்தைத் திறந்துவிட்டார். மூன்று விரலில் அள்ளிப் பானெட்டின் நடுவே சப்பென்று ஒன்று! அதன்மேல் குங்குமம்! ராத்திரி ஒரு மணி வரை தேய்த்த பானெட். வெயிலில் காய்ந்தால் குங்குமம் கறையாகப் படியும் என்று எனக்கே பாடம் நடத்தியவன் அவன். அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தான்.

"நல்லாப் பெரிசாவே வைங்கய்யா. நாளைக்கு நம்ம ஷெட்டுக்கு ஓட்டிட்டு வாங்க, கறை படாம எடுத்துத் தரேன். காசு வேணாம்."

பாட்டி அப்போதுதான் கதவைத் தொட்டார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி கிளம்பியது. மஞ்சள் விரல் அடையாளம் ஐந்தும் கதவில் அப்படியே போயிற்று.

அடுத்த நாள் அந்த வண்டி ஷெட்டுக்கு வந்தது. கூடவே அவர்கள் பங்காளியின் பழைய காரும் வந்தது, காசு கொடுத்துச் சுத்தம் செய்ய. வாரக் கடைசியில் ஷோரூம் பணமும் சொன்னபடி வந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு கூட்டம் குறையும், மார்கழியில் மறுபடி ஈ ஓட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதற்குள் இரண்டு தவணைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டான். பாபநாசம் களஞ்சியம் மாதிரி. தையில் அறுப்பு மெஷின்கள் வரும். அதற்கு மன்னார்குடியில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.

ரயிலுக்குக் கிளம்பும்போது அத்தை கேட்டார்: "மூணு லட்சம் எதுக்குனு இப்பவும் எனக்குப் புரியலைப்பா. ஆனா அந்தப் பாட்டி கதையைச் சொன்னான். நல்லாத்தான் இருக்கு."

இந்த முறை குழம்பு இரண்டு கரண்டி விழுந்தது!

சென்னைக்கு வந்து சேர்ந்தேன். ஸ்டேஷன் ஸ்டாண்டில் பத்து நாள் நின்ற என் ஸ்கூட்டர் மீது ஒரு அங்குலம் தூசி. பையிலிருந்து துணியை எடுத்துத் துடைக்கப் போனவன், அப்படியே நிறுத்தினேன்.

முதலில் தண்ணீர் தேட வேண்டும்!